ஹெல்மெட்டுக்குள்ள யாருப்பா?

ஸ்டார் வார்ஸ் பொம்மை சேர்க்கிறவங்க சில பேருக்கு ஒரு குறை உண்டு. 2013-ல் ஹாஸ்ப்ரோ ஆரம்பிச்ச பிளாக் சீரிஸ் வரிசையில் வந்த ஆறு அங்குல ஸ்டார்ம்ட்ரூப்பரோட ஹெல்மெட்டைக் கழட்ட முடியாது. "இவ்ளோ காசு வாங்கறாங்க, உள்ள ஒரு மூஞ்சி வெச்சா என்ன?"ன்னு கேப்பாங்க. நான் எதிர்க்கட்சி. கழட்ட முடியாததுதான் சரி.

முதல்ல பொம்மையைப் பத்தி. உயரம் சுமார் 15 சென்டிமீட்டர். முழங்கை, முட்டி, கணுக்கால் எல்லாம் மடங்கும். கையில இ-11 துப்பாக்கி. வெள்ளைக் கவசத்துக்கு நடுவுல எட்டிப் பார்க்கிற கறுப்பு உடுப்பு அப்படியே படத்துல பார்த்ததுதான். இவரோட தாத்தா 1978-ல் கென்னர் கம்பெனி போட்ட மூணே முக்கால் அங்குல ஸ்டார்ம்ட்ரூப்பர். அவருக்குத் தலையைத் திருப்பக்கூட முடியாது, பாவம் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். 1985-ல் அதே கென்னர், ஸ்டார்ம்ட்ரூப்பர் வேஷத்துல லூக் ஸ்கைவாக்கர் பொம்மையைக் கொண்டு வந்தது. அதுல ஹெல்மெட் கழலும்! கவனிச்சீங்களா? உள்ள ஹீரோ இருந்தா கழலும், வெறும் சிப்பாய்னா கழலாது. 1977-ல் வந்த முதல் படத்துலயும் அதே கதைதான். கவசம் மாட்டின லூக், ஹான் ரெண்டு பேர் முகமும் நமக்குத் தெரியும். அவங்க சுட்டுத் தள்ளின சிப்பாய்கள்ல ஒருத்தன் முகம்கூடத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நாம விசிலடிச்சிருப்போமா?

"2015 படத்துல ஃபின் ஹெல்மெட்டைக் கழட்டினானே"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. சாகப்போற கூட்டாளியோட ரத்தக்கறை படிஞ்ச ஹெல்மெட்டைத்தான் அவன் கழட்டறான். உடனே மேலதிகாரி, அதைக் கழட்ட யார் அனுமதி கொடுத்தாங்கன்னு கேட்கறாங்க. எஃப்என்-2187ங்கிற நம்பர் போய் ஃபின்னுன்னு பேர் வர்றது அதுக்கப்புறம்தான். அப்போ அவன் அந்தப் படையிலேயே இல்லை, தப்பிச்சு ஓடிட்டிருக்கான். முகமும் பேரும் கிடைச்சவன் சிப்பாயா தொடர முடியலை.

அதனாலதான் இந்த மூடின தலை எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு அரசாங்கம் மனுஷனை எப்படி நம்பராக்குதுன்னு எந்த வசனமும் இல்லாம சொல்லிடுது. உள்ள அழகா ஒரு மூஞ்சி செதுக்கி வெச்சிருந்தா அந்த உறுத்தல் போயிருக்கும்.

வாங்கலாமா? தாராளமா. ஒண்ணு வாங்கினா ஒரு பட்டாளமே வரிசையா நிக்கணும்னு ஆசை வரும், பர்ஸ் பத்திரம். டப்பாவைப் பிரிக்காம மட்டும் வைக்காதீங்க மக்கா. ஏற்கெனவே முகமில்லாதவன், மூச்சாவது விடட்டும்!