கொடிக்கம்பி ஏன் தொய்கிறது?

பாரதி உலாவிய குயில்தோப்பு இருக்கிற கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "மொட்டை மாடியில் 20 அடிக்கு இரும்புக் கம்பிக் கொடி கட்டியிருக்கிறோம். ஞாயிறுதோறும் என் வீட்டுக்காரர் குறடு வைத்து முறுக்கி விறைப்பாக்குகிறார். புதன்கிழமைக்குள் மறுபடி தொய்ந்து போகிறது. கம்பி மட்டமா, சுவர் மட்டமா?"

இரண்டும் இல்லையம்மா. அந்த முறுக்கல்தான் காரணம்!

ரப்பர் மட்டும்தான் நீளும் என்று நினைக்காதீர்கள். இரும்புக் கம்பியும் இழுத்தால் துளி நீளும், விட்டால் சுருங்கும். எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்பது பொருளுக்குப் பொருள் வேறு. அலுமினியக் கம்பி அதே பளுவுக்கு இரும்பைப்போல் மூன்று பங்கு நீளும். நைலான் கயிறு அதைவிடப் பல மடங்கு. பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் 'யங் குணகம்' என்று வருகிறதே, அது இந்தக் கணக்குதான். 1807-ல் அச்சான தம் சொற்பொழிவுகளில் இதை எழுதிய தாமஸ் யங், லண்டனில் வைத்தியம் பார்த்த டாக்டர். அஸ்டிக்மாட்டிசம் என்கிற பார்வைக் கோளாறைத் தம் கண்ணிலேயே கண்டு சொன்னவரும் அவர்தான்.

சுருங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி இழுத்தால் கம்பி நீண்டது நீண்டதுதான்.

இப்போது உங்கள் கொடிக்கு வருவோம். நடுவில் 6 கிலோ ஈரத்துணி. கம்பி ஒரு சாண் தொய்ந்திருந்தால் அதன் மேல் விழும் இழுப்பு சுமார் 40 கிலோ. 2 மில்லிமீட்டர் கம்பி இதைச் சிரமமில்லாமல் தாங்கும். நீள்வது 4 மில்லிமீட்டர்கூட இராது. அதையே முறுக்கி, 2 அங்குலம்தான் தொய்ய வேண்டும் என்று அடம் பிடித்தால் இழுப்பு 180 கிலோ! துணி அதே ஆறு கிலோதான். சாதாரணக் கட்டுக் கம்பி இதில் எல்லை மீறி நீண்டுவிடும், அல்லது சுவரிலிருந்து கொக்கி பிடுங்கிக்கொண்டு வரும். வீட்டுக்காரரோ மறுபடி குறடை எடுக்கிறார்!

கடற்காற்றில் துரு வேறு. 2 மில்லிமீட்டர் கம்பி ஒன்றரையாகத் தேய்ந்தால் பலம் ஏறக்குறையப் பாதிதான். அறுந்து சுண்டும் கம்பி குழந்தைகளின் கண் உயரத்துக்கு வந்தால் என்ன ஆகும்? துருப்பிடித்ததைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். நாகம் பூசிய புதுக் கம்பி கட்டி, துணி போட்டபின் ஒரு சாண் தொய்வு இருக்கும்படி விடுங்கள். கனத்த போர்வைகளை ஓரமாகப் போடுங்கள். நடுவில் குவிக்க வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரைத் தாங்குகிற கம்பியில் கொடி கட்டுவதோ, துணி காயப்போடுவதோ கூடவே கூடாது. ஒயரின் உறை கிழிந்திருந்தால் கொடி முழுக்க மின்சாரம் பாயும். ஈரத்துணியோடு கை வைத்த பெண்கள் இறந்த செய்தி மழைக்காலந்தோறும் பத்திரிகையில் வருகிறது. ஒயர் பக்கத்தில் போனால் கொடியை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய இடத்தில் இப்போதைக்கு நைலான் கயிறு போதும். தொய்யும்தான், தொய்ந்துவிட்டுப் போகட்டும்.