பொறுமை என்பது வாய்மூடிக் கிடப்பதன்று

 

ஒருவர்மீது அவதூறு கிளம்பிவிட்டால் நம் மஹல்லாவில் அவருக்கு இரண்டே அறிவுரைகள் கிடைக்கின்றன. "வாயைத் திறக்காதே, ஸப்ர் செய், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பார்கள் பெரியவர்கள். "அவன் யோக்கியதையையும் நாலு பேருக்குச் சொல்" என்பார்கள் இளைஞர்கள். முதலாவது மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுகிறது. இரண்டாவது மானத்தின் பெயரால். இரண்டுமே தவறு என்பதே என் வாதம்.

முதல் தவறை நானே செய்தவன். சில ஆண்டுகளுக்கு முன், மதரஸாவுக்கு வந்த ஜகாத் பணத்தில் நான் கைவைத்துவிட்டதாக ஒரு பேச்சு எழுந்தது. எங்கள் கரியமாணிக்கம் பக்கத்தில் காலையில் தேநீர்க் கடையில் புறப்படும் சொல் அஸருக்குள் எல்லாத் திண்ணைகளையும் எட்டிவிடும். பொறுமை என்று எண்ணி மௌனமாயிருந்தேன். மூன்றாம் வாரம் இரண்டு பிள்ளைகள் ஓத வரவில்லை. அன்றிரவு என் மகள், "அத்தா, அந்தக் காச நீங்க எடுத்தீங்களா?" என்று கேட்டாள். என் மௌனத்திற்கான விலையை நான் மட்டும் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மௌனமே சுன்னத் என்போர் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைச் சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும். ரமளானில் இஃதிகாஃப் இருந்த அண்ணலாரைச் சந்திக்க அன்னை ஸஃபிய்யா (ரலி) இரவில் வந்தார்கள். அவர்களை வழியனுப்ப நபியவர்கள் உடன் நடந்தபோது அன்சாரிகள் இருவர் விரைந்து கடந்து சென்றனர். அவர்களை நிறுத்தி, இவர் என் மனைவி ஸஃபிய்யா என்று தெளிவுபடுத்தினார்கள். ஷைத்தான் அவ்விருவர் உள்ளத்திலும் தீய எண்ணத்தைப் போட்டுவிடக் கூடாது என்ற அக்கறையே அதற்குக் காரணம். புகாரியில் பதிவான செய்தி இது. ஒரு சொல்கூடப் பரவுமுன்பே அல்லாஹ்வின் தூதர் விளக்கம் அளித்தார்கள் என்றால், விளக்கம் அளிப்பது ஈமானின் குறைவாக எப்படி ஆகும்?

யூஸுஃப் (அலை) அவர்களைப் பாருங்கள். அரசர் ஆளனுப்பி அழைத்தும் அவர்கள் சிறையை விட்டு உடனே வெளியேறவில்லை. அப்பெண்களின் செய்தி என்னவென்று முதலில் விசாரிக்கச் சொன்னார்கள் (12:50). களங்கத்தோடு கிடைக்கும் விடுதலையை அவர்கள் விரும்பவில்லை.

"அன்னை ஆயிஷா (ரலி) அழகிய பொறுமையைக் கைக்கொள்ளவில்லையா?" என்று கேட்பீர்கள். ஆம், கைக்கொண்டார்கள். ஆனால் செய்யாத ஒன்றை ஒப்புக்கொள்ளவில்லை; தாம் தூய்மையானவர் என்பதை அல்லாஹ் அறிவான் என்று பெற்றோர் முன்னிலையிலேயே உரைத்தார்கள். நபியவர்கள் பணிப்பெண் பரீரா (ரலி) வரை விசாரித்தார்கள். மிம்பரில் நின்று பகிரங்கமாகப் பேசினார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்திற்குப் பின் வஹீ இறங்கியது. அது அவதூறு சொன்னவர்களிடம் நான்கு சாட்சிகள் எங்கே என்று கேட்டது (24:13). பழிச்சொல்லுக்கு மார்க்கம் கற்றுத் தரும் பதில் இதுவே: ஆதாரத்தைக் கேள், உன் ஆதாரத்தை எடுத்து வை. அநீதி இழைக்கப்பட்டவர் குரலெழுப்புவதற்குக் குர்ஆன் விலக்கே அளித்துள்ளது (4:148).

இனி இரண்டாவது அறிவுரை. 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் நடந்த தப்லீக் கூட்டத்திற்குப் பின், முஸ்லிம்கள் திட்டமிட்டு நோய் பரப்புகிறார்கள் என்ற பழி நாடெங்கும் சுமத்தப்பட்டது. தள்ளுவண்டியில் காய்கறி விற்ற எளியவரைக்கூடப் பல இடங்களில் பெயர் கேட்டு விரட்டினார்கள். அந்நாளில் நம்மவர் சிலரும் சரிபார்க்காத எதிர்ச்செய்திகளை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவற்றால் யாருடைய பெயரும் துலங்கவில்லை. பழியைத் துடைத்தவை வேறு. நோயிலிருந்து மீண்ட ஜமாஅத்தினர் டெல்லியில் பிளாஸ்மா தானம் செய்தார்கள். பாதிக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாடினார்கள். 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்ற கருத்தையும் பதிவு செய்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகளை ரத்து செய்தது. ஐந்தாண்டு ஆயிற்று. அந்த ஐந்தாண்டுக் காத்திருப்புத்தான் ஸப்ர். ஆனால் அது கையில் மனுவோடு காத்திருந்த ஸப்ர்.

அந்தப் பழியில் வெந்த சமுதாயம் நாம். அப்படியிருந்தும், அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றியோ மஸ்ஜித் நிர்வாகியைப் பற்றியோ ஒரு குரல்பதிவு வந்தால், "உண்மையா தெரியல, வந்தது அனுப்புறேன்" என்று நாமே பரப்புகிறோம். செய்தி கொண்டுவந்தால் விசாரியுங்கள் என்ற கட்டளை (49:6) பிறருக்கு மட்டும் இறங்கியதா? அவதூறைக் கேட்டவுடனேயே நல்லெண்ணம் கொண்டு, இது பொய் என்று சொல்லியிருக்க வேண்டாமா என்று அல்லாஹ் கண்டித்தது (24:12) புனைந்தவர்களை அன்று, கேட்டுக்கொண்டிருந்தவர்களை.

ஆகவே பழிக்கு ஆளானவர் செய்யத்தக்கது இது. சொன்னவரிடம் நேரில் சென்று ஆதாரம் கேளுங்கள். உங்களிடமுள்ள சான்றை ஜமாஅத்தின் முன் ஒருமுறை தெளிவாக வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சட்டம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமென்கிறது. ஆனால் அவருடைய குறையைத் தேடித் துருவாதீர்கள் (49:12).

மகள் கேட்ட மறுநாள் நான் கணக்கேடுகளை நிர்வாகத்திடம் ஒப்படைத்து, வேறு இருவரைக் கொண்டு சரிபார்க்கக் கோரினேன். ஜும்ஆவுக்குப் பின் வரவு செலவு வாசிக்கப்பட்டது. பேச்சைத் தொடங்கியவர் யாரென்று எனக்குத் தெரியும். அவர் பெயரை நான் சொல்லவில்லை. அவருடைய மகன் அப்போதும் என்னிடம்தான் ஓதிக்கொண்டிருந்தான். தம் மகளைத் தூற்றியவர்களுள் ஒருவரான மிஸ்தஹ் (ரலி) அவர்களுக்கு உதவுவதை நிறுத்திய அபூபக்ர் (ரலி), 24:22 இறங்கியதும் அவ்வுதவியை மீண்டும் தொடர்ந்தார்கள். அந்த மன்னிப்பு, உண்மை வெளிப்பட்ட பின் வந்தது. உண்மையை வெளிப்படுத்தாமலே மன்னிப்பதாகச் சொல்வது பல நேரங்களில் அச்சத்தின் மறுபெயர்.

நம் நாவுகளையும் கைப்பேசிகளையும் அவதூறிலிருந்து அல்லாஹ் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.