பம்பிங் எவ்வளவு? மறுபடியும் கேளுங்கள்!

'நாலு எட்டு நடந்தாலே இரைக்குது. ராத்திரி ரெண்டு தலையணை வெச்சாதான் தூக்கம் வருது. காலெல்லாம் வீங்கியிருக்கு...'

உங்கள் வீட்டுப் பெரியவர் இப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள்? 'வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுவீர்களா? 'கேஸ் டிரபிள்' என்று சோடா வாங்கிக் கொடுப்பீர்களா? தயவுசெய்து இரண்டும் வேண்டாம். இதயம் தளர்ந்து போனதன் அடையாளங்களாக இவை இருக்கலாம். டாக்டர்கள் இதை 'ஹார்ட் ஃபெயிலியர்' என்பார்கள். இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது, அவ்வளவுதான்.

இதைப் பார்க்க உடம்பில் கத்தி வைக்க வேண்டாம், ரத்தக் குழாயில் டியூப் விடவும் வேண்டாம். நெஞ்சில் ஜெல் தடவி எடுக்கிற எக்கோ இருக்கிறதே, முதலில் அதுதான் முக்கியம். இரும்பில் விரிசல் தேட வைத்திருந்த ஒலி அலைக் கருவியை நெஞ்சின் மேல் வைத்து, 1953-ல் ஸ்வீடனின் லண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் தொடங்கி வைத்த பரிசோதனை இது. கதிர்வீச்சு கிடையாது, கர்ப்பிணிக்கும் செய்யலாம்.

எக்கோ ரிப்போர்ட்டில் ஒரு சதவிகிதம் இருக்கும். நம் ஊர்ப் பேச்சில் 'பம்பிங்'. '60 தான் இருக்காம், 40 போச்சே!' என்று அழுகிறவர்கள் உண்டு. எந்த இதயமும் ஒரு துடிப்பில் மொத்த ரத்தத்தையும் தள்ளிவிடாது. சுமார் 55 முதல் 70 வரை இருந்தாலே நார்மல். 40-ம் அதற்குக் கீழும் என்றால் பம்பிங் குறைவு. இன்னொன்று: எண் நார்மலாக இருந்தும் ஹார்ட் ஃபெயிலியர் வரலாம். தசை விறைத்துப் போய், ரத்தம் உள்ளே நிரம்புவதே சிரமமாகிவிடும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்களிடம் இது சகஜம். அதனால் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடையாதீர்கள்.

இனி என் ஆதங்கத்தைச் சொல்கிறேன். 'எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை டாக்டர், பெரிய ஸ்கேனே எடுத்துடுங்க' என்று கேட்கிற குடும்பங்கள், மூன்று மாதம் கழித்து எடுக்க வேண்டிய இரண்டாவது எக்கோவுக்கு மட்டும் வருவதில்லை!

பெரிய ஸ்கேன்கள் வீண் என்று சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ., தசையில் தழும்பும் வீக்கமும் எங்கே என்று காட்டும். சி.டி., ரத்தக் குழாய் அடைப்பைக் காட்டும். நியூக்ளியர் ஸ்கேன், எந்தத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்று சொல்லும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கான பதில். கேள்வி என்ன என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். கிட்னி கோளாறோ, பேஸ்மேக்கரோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது எக்கோ ஏன் முக்கியம்? மாத்திரை வேலை செய்கிறதா என்று அதில்தான் தெரியும். மருந்துகளைச் சரியாகச் சாப்பிட்டும் பம்பிங் 35-க்கு மேல் ஏறவில்லை என்றால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவி வைக்க வேண்டுமா என்று யோசிப்பார்கள். அந்தப் பரிசோதனைக்குப் போகாவிட்டால் அந்த யோசனைக்கே இடமில்லாமல் போய்விடும்.

எண் ஏறிவிட்டால் இன்னொரு ஆபத்து. 'அதான் சரியாயிடுச்சே' என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். லண்டனில் நடந்து 2018-ல் வெளியான ஒரு ஆய்வைக் கேளுங்கள். இதயம் வீங்கித் தளர்ந்து, மருந்தால் தேறி, படத்தில் எல்லாம் நார்மல் என்று வந்தவர்களில் 25 பேருக்கு, டாக்டர் கண்காணிப்பிலேயே படிப்படியாக மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் 11 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்குக்கூட அந்த ஆறு மாதத்தில் திரும்பவில்லை. படம் நன்றாக வந்தால், அது மருந்து தாங்கிப் பிடித்திருக்கிறது என்பதற்கு அடையாளம். நோய் போய்விட்டது என்பதற்கு அல்ல.

உழவர்கரைக்காரர்கள் ஒரு வகையில் கொடுத்து வைத்தவர்கள். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைக்காரர்கள் விடியற்காலையில் பஸ் பிடித்து வருகிற கோரிமேடு ஜிப்மர், மூலகுளத்துக்கும் ரெட்டியார்பாளையத்துக்கும் டவுன் பஸ் தூரம்தான். 'பக்கத்துலதானே இருக்கு, அடுத்த வாரம் போலாம்' என்ற நினைப்பு மட்டும் வேண்டாம்!

பழைய ரிப்போர்ட்களை ஒரே ஃபைலில், தேதி வாரியாக வையுங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில் எக்கோ எடுங்கள்; நாலைந்து புள்ளி ஏறி இறங்கினால் பதறாதீர்கள். ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் மூன்றே கேள்வி: பம்பிங் எவ்வளவு? போன தடவை எவ்வளவு? அடுத்த எக்கோ எப்போது?

மூன்றாவது கேள்விக்கான பதிலை வீட்டுக் காலண்டரில் இன்றே குறித்து வைத்துவிடுங்கள்.