இம்ப்ளான்ட் குழந்தைகளுக்குத் தனி நர்ஸ் வேண்டும்

காது கேளாமல் பிறக்கும் குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் என்னும் உள்காதுக் கருவி பொருத்துவது முன்பெல்லாம் வசதி படைத்தவர்களுக்கே சாத்தியம். இன்று கர்நாடக அரசின் ‘சிரவண சஞ்சீவினி’ திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாகவே செய்கிறார்கள். பெங்களூரு பிரேசர் டவுன் பெற்றோருக்குப் பேச்சுப் பயிற்சி பெற ஹென்னூர் சாலையிலேயே டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் நிறுவனம் இருக்கிறது. ஆனால் டாக்டர், கருவி, தெரபி என்று பேசுகிற நாம், இரவும் பகலும் அந்தக் குழந்தையின் பக்கத்தில் நிற்கும் நர்ஸை மறந்துவிடுகிறோம்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஹியரிங் எய்டைக் கழற்றியதுமே, கொஞ்சநஞ்சம் கேட்டதும் போய்விடுகிறது. மயக்கம் தெளியும்போது தலையைச் சுற்றிக் கனத்த கட்டு, அம்மாவைக் காணோம். பின்னாலிருந்து யாராவது தொட்டால் குழந்தை அலறிக் கட்டைப் பிய்க்கத்தான் செய்யும். விவரம் தெரிந்த நர்ஸ் எதிரே வந்து குனிந்து முகம் காட்டுவார். ஊசியா மருந்தா என்பதைப் படத்தில் காட்டுவார். அம்மாவை முன்கூட்டியே உள்ளே அழைத்து வைத்திருப்பார். குழந்தை அழும்போது வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கண்ணும் மூடுகின்றனவா என்று பார்ப்பார். ஏனென்றால் முகநரம்பு, அறுவை செய்த இடத்தை ஒட்டியே ஓடுகிறது. மூக்கில் தெளிந்த நீர் வடிந்தால் சளி என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரைக் கூப்பிடுவார். அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம்.

இந்த நர்ஸின் வேலை அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டும். இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வரும் ஆபத்து அதிகம் என்று 2002இலேயே அமெரிக்காவில் எச்சரித்தார்கள். நிமோகாக்கல் தடுப்பூசி அறுவைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். நம் நாட்டில் அது எல்லா மாநிலங்களுக்கும் அரசுத் திட்டத்தில் வந்தது 2021இல்தான். இரண்டு வயதுக்கு மேல் போட வேண்டிய மற்றொரு நிமோகாக்கல் ஊசி அந்தத் திட்டத்திலேயே இல்லை. தாயி கார்டை (தாய் சேய் நல அட்டையை) வாங்கி, விட்டுப்போன ஊசி எது என்று பார்க்க ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டாமா?

வீட்டுக்குப் போன பிறகுதான் கவலை கூடுகிறது. மூன்று நான்கு வாரத்தில் கருவியை இயக்கும் ஸ்விட்ச் ஆன், அப்புறம் ஒலி அளவைச் சரிசெய்யும் மேப்பிங். காந்தம் ஒட்டும் இடத்தில் தோல் சிவக்கிறது, வியர்வை பட்டு கருவி நின்றுபோகிறது, நடுராத்திரியில் காய்ச்சல் அடிக்கிறது. இங்கே பிரேசர் டவுனில் வீட்டு மொழி தமிழ் அல்லது உருது, ஆஸ்பத்திரியில் கன்னடம், டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலம். காய்ச்சலோடு வாந்தியும் கழுத்து இறுக்கமும் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இம்ப்ளான்ட் இருப்பதைச் சொல்லியாக வேண்டும் என்பதையெல்லாம் அந்தத் தாயின் மொழியிலேயே சொல்ல வேண்டும்.

நர்ஸ் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான். ஆனால் நாம் கேட்பது புதிய பட்டாளத்தை அல்ல. இம்ப்ளான்ட் செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற ஒருவர். அவரை மாதத்துக்கொரு வார்டு மாற்றக் கூடாது. பயிற்சி தர, 1965 முதல் இயங்கும் மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. அரசின் ‘நம்ம கிளினிக்’ நர்ஸ்களுக்கும் ஒரு நாள் பாடம் எடுக்கலாம். அறுவைக்கும் கருவிக்கும் தரும் தொகையோடு, முதல் ஓராண்டு செவிலியர் கவனிப்புக்கும் அரசு பணம் ஒதுக்கட்டும். கன்னடம், தமிழ், உருதில் அச்சிட்ட டிஸ்சார்ஜ் தாளும், கூப்பிட்டால் எடுக்கும் ஒரு போன் எண்ணும் கையில் கொடுக்காமல் எந்தக் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.