கவணும் கிணற்றுக் கயிறும்



இம்மாதம் வேறொரு பொருளைப் பற்றி எழுதவே எண்ணியிருந்தேன். செஞ்சியில் எங்கள் மதரஸாவின் வாசலில் ஒரு தாய் வந்து நின்றது அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

அஸர் தொழுகை முடிந்த நேரம். முந்தானையால் தலையை மூடியபடி வந்த அவர், கையிலிருந்த கயிறு ஒன்றைத் திண்ணையின் மேல் வீசினார். "ஹஜ்ரத், இதை நீங்களே அடுப்பில் போட்டுக் கொளுத்திவிடுங்கள். இவன் விட்ட கல் தங்கையின் நெற்றியை உரசிக்கொண்டு போயிருக்கிறது. ஓர் அங்குலம் கீழே இறங்கியிருந்தால் பிள்ளையின் கண் போயிருக்கும்" என்றார். குரல் நடுங்கியது. அவருக்குப் பின்னால் பன்னிரண்டு வயது மகன் தலைகுனிந்து நின்றான். தகப்பனார் சவூதியில் வேலை பார்க்கிறார். வீட்டில் கண்டிப்பதற்கு ஆண்துணை இல்லை.

கயிற்றை எடுத்துப் பார்த்தேன். அது ஒரு கவண். நான்கு இழைகள் மாறி மாறி ஏறி இறங்கி, எள்ளளவும் தளராமல் உருண்டையாகப் பின்னப்பட்டிருந்தது. நடுவில் கல் வைக்கும் பை; ஒரு முனையில் விரல் நுழையும் கண்ணி; மறுமுனையில் முடிச்சு.

"யார் பின்னியது?"

"நான்தான், ஹஜ்ரத்."

கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு முதலில் வியப்புத்தான் வந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

கவண் என்றதும் பலர் உண்டிகோலை நினைத்துக்கொள்கிறார்கள். உண்டிகோல், கவைக்கொம்பில் ரப்பர் கட்டிய பிற்காலத்துப் பொருள். ரப்பர் வந்த பிறகே அது வந்தது. கவணோ வெறும் கயிறு. கையின் நீளத்தைக் கயிற்றால் நீட்டி, சுழற்றி, ஒரு முனையை விட்டுவிட்டால் கல் பறந்துவிடும். சங்க நூல்களைக் கல்லூரியில் பாடமாகப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: மலைச்சாரலில் தினைப்புனம் காத்த பெண்கள் பரண்மேல் நின்று கிளிகளை ஓட்டக் கவண் வீசினார்கள். தழல், தட்டை, குளிர் என்று கிளியோட்டும் கருவிகளைக் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் குறிப்பிடுகிறார். பயிர்க்காவல்தான் நம் நாட்டில் கவணுக்குரிய வேலையாக இருந்தது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் லாமா ரோமத்தாலும், திபெத்தில் யாக் எருதின் ரோமத்தாலும் மேய்ப்பர்கள் இன்றும் கவண் பின்னுகிறார்கள். தாவூத் (அலை) அவர்கள் ஜாலூத்தைக் கொன்றதைத் திருக்குர்ஆன் (2:251) கூறுகிறது. கவண் என்ற சொல் அங்கே இல்லை, அது விரிவுரைகளில் வரும் விவரம்.

ஆனால் அந்தத் தாயின் முன்னால் இலக்கியம் பேச முடியுமா? என் நினைவுக்கு வந்தது அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்களின் அறிவிப்பு. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. விரலிடுக்கில் பொடிக்கல்லை வைத்துச் சுண்டுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்; அதனால் வேட்டையும் கிடைக்காது, பகைவனும் வீழமாட்டான், பல் உடையும், கண் போகும் என்பது அதன் கருத்து. சொல்லியும் கேளாத ஒருவரிடம் இனிப் பேசமாட்டேன் என்று அந்த ஸஹாபி விலகிவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பேசாமல் விலகும் துணிவு எனக்கு இல்லை. கவணை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "எரிக்கமாட்டேன் அம்மா, கொடுக்கவும் மாட்டேன். இவனை நாளை முதல் அஸருக்குப் பின் அரைமணி நேரம் என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றேன். அவர் முழுமனத்தோடு சம்மதித்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கயிறு துபாயிலிருந்து அவன் மாமா கொண்டுவந்ததாம். பாராகார்டு என்று விற்கிறார்கள். பாராசூட் கயிறு என்பதன் சுருக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பாராசூட்டுகளுக்காக நைலானில் செய்யப்பட்டது. மேலே பின்னல் உறை, உள்ளே தனித்தனி இழைகள். 550 என்று பெயர்பெற்ற வகை, பென்சிலைவிட மெல்லியதாக இருந்தும் 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ எடைவரை அறுபடாது. 1997ஆம் ஆண்டு ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கச் சென்ற விண்வெளி வீரர்கள்கூட இதைப் பயன்படுத்தினார்கள். வாங்குவோர் ஒரு முனையை நறுக்கிப் பாருங்கள். நல்ல சரக்கில் உள்ளிழை ஏழுக்குக் குறையாது. மலிவுச் சரக்கில் உறை மட்டும் மினுக்கும்.

சரி, கவணுக்கு ஏன் பின்னல்? முறுக்கிய கயிறு பாரம் ஏறும்போது முறுக்கவிழப் பார்க்கும். தொங்கும் பொருள் தானே சுழலும். கவணின் பை அப்படிச் சுழன்றால் கல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பின்னலில் இழைகள் ஒன்றையொன்று எதிர்ப்பதால் அந்தச் சுழற்சி இல்லை. நான்கிழைப் பின்னல் கடினமன்று. நான்கு இழைகளையும் ஓர் ஆணியில் கட்டிக்கொள்ளுங்கள். வலக்கோடி இழையை அடுத்த இரண்டின் அடியிற் செலுத்தி, இரண்டாவதின் மேலாக மடக்கி வலப்பக்கமே கொண்டுவாருங்கள். பிறகு இடக்கோடி இழையை அவ்வாறே. மாறி மாறிச் செய்துகொண்டே போகவேண்டியதுதான். பெண் பிள்ளைகளுக்குச் சடை பின்னிப் பழகிய தாய்மார்களுக்குப் பத்து நிமிடத்தில் கைவந்துவிடும். முடிக்கவேண்டிய நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்வது நலம். நைலான் முனையைத் தீயில் லேசாக உருக்கினால் பிரியாது. உருகிய துளி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், ஆகவே அதைப் பெரியவர்கள் செய்யட்டும்.

எங்கள் மதரஸாவின் கிணற்றில் மோட்டார் உண்டு. மின்சாரம் நின்றால் உளூவுக்கு வாளிதான். அதில் கட்டியிருந்த பச்சைப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நைந்து, பிடிக்கும் கையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. புதுக்கயிறு திரிப்பது என்று முடிவு செய்தோம். அந்தப் பையனுடன் இன்னும் மூன்று மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கடையில் தென்னை நார்க் கயிறு மெல்லியதாக வாங்கி, அறுபதடி நீளத்தில் மூன்று புரியாகப் பிரித்து, முற்றத்து வேப்பமரத்தில் கட்டினோம்.

முதல் நாள் தோல்வி. புரிகளை எந்தப் பக்கம் முறுக்கினார்களோ, அதே பக்கம் மூன்றையும் சேர்த்து முறுக்கினார்கள். கைவிட்டதும் எல்லாம் சுருண்டு பிரிந்து புழுதியில் விழுந்தது. நூற்று முறுக்கேற்றியதைத் தானே பிரித்துச் சிதைத்த பெண்ணின் உவமை நஹ்ல் அத்தியாயத்தில் (16:92) வருவதை இந்தப் பிள்ளைகள் பலமுறை ஓதியிருக்கிறார்கள். அன்றுதான் ஒருவன் தானாகவே அதன் பொருளைக் கேட்டான்.

கயிற்றின் உயிர் எதிர்முறுக்கில் இருக்கிறது. ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கினால், மூன்றையும் சேர்க்கும்போது இடப்பக்கம் திருப்ப வேண்டும். புரி அவிழ முயலும் திசையே கயிற்றை இறுக்கும் திசையாகிவிடும். ஒன்று அவிழ வேண்டுமானால் மற்றது இறுக வேண்டும். எனவே இரண்டும் அவிழாது. மறுநாள் மூன்று பேர் ஆளுக்கொரு புரியைச் சுருளும் அளவுக்கு முறுக்கினார்கள். கவண் பின்னியவன் நடுவில் நின்று, புரிகளை விரல்களால் பிரித்துப் பிடித்தபடி மெல்லப் பின்னால் நடந்தான். அவன் கைக்கு முன்னால் கயிறு தானே திரண்டு வந்தது. மூன்றில் ஒரு பங்கு நீளம் குறைந்து நாற்பதடிக் கயிறு கிடைத்தது. கிணற்றுக்கு அது போதும்.

வேலையினிடையே ஒருவன் மலையைக் காட்டி, "ராஜகிரிமேல் பீரங்கியை எப்படி ஏற்றினார்கள், ஹஜ்ரத்?" என்றான். சுமார் 800 அடி உயரம்; உச்சிக்குச் சற்று முன்னால் இருபத்துநான்கடி அகலப் பிளவு; அதன்மேல் பாலம். 1690 முதல் 1698 வரை ஜுல்பிகார் கான் முற்றுகையிட்ட கோட்டை. 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தபின் பார்க்க வருவோர் மதில்களைப் படமெடுக்கிறார்கள். அந்தக் கற்களை மேலே இழுத்த வடங்கள் மக்கிப்போயின. அவற்றைத் திரித்தவர்கள் யார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. அவனுக்கு அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

தாய்மார்களுக்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். வீட்டில் திரித்த கயிற்றில் வாளி கட்டலாம், துணி உலர்த்தலாம், ஆட்டைக் கட்டலாம், உறி தொங்கவிடலாம். தொட்டிலும் ஊஞ்சலும் வேண்டாம். என் நன்னி திரித்த கயிற்றில் தொங்கிய ஏணையில் உறங்கி வளர்ந்தவன்தான் நான். ஆயினும் அவர் கையில் நாற்பதாண்டுப் பழக்கம் இருந்தது. உத்தரத்தில் உராயும் இடத்தை மாதந்தோறும் தடவிப் பார்ப்பார். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் வலு ஏறக்குறைய பாதிவரை குறைந்துவிடும். அறுபடும் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் ஏற்றாதிருப்பது பொருட்களுக்குப் பாதுகாப்பு. மனிதருக்கு அதுவும் போதாது. சிறு பிள்ளைகளின் கழுத்தில் எந்தப் பின்னல் கயிற்றையும் மாட்டாதீர்கள். பாராகார்டு எளிதில் அறாது என்பதே அங்கே ஆபத்து.

புதுக்கயிற்றில் முதல் வாளி ஏறியபோது மாணவர்கள் தக்பீர் முழங்கினார்கள். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாய் வந்தார். தங்கையின் நெற்றித் தழும்பு மறைந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, சற்றுத் தயங்கி, மைத்துனருடைய மல்லாட்டைக் கொல்லையில் விதைத்த பருப்பைக் காக்கையும் மயிலும் பொறுக்கிவிடுவதாகவும், பையன் அந்தக் கவணைக் கேட்டு நச்சரிப்பதாகவும் கூறினார்.

மயிலுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு உண்டு. மலையிலிருந்து இறங்கிவரும் குரங்குக்கும் உண்டு. கல்லால் அடிப்பது மார்க்கத்துக்கும் ஆகாது, சட்டத்துக்கும் ஆகாது. அலமாரியைத் திறந்து கவணை எடுத்தேன். ஆண்டீஸ் மேய்ப்பர்கள் கவணின் விடும் முனையைப் பிரித்துக் குஞ்சம் வைப்பார்கள். சுழற்றி விட்டால் கல் இல்லாமலே சாட்டைபோல் வெடிக்கும். பையனைவிட்டே முனையின் முடிச்சை அவிழ்க்கச் செய்து குஞ்சம் கட்டினோம். பிறகு கோணிஊசியால், கல் வைக்கும் பையின் வாயை அவன் தாயே தைத்து மூடினார்.

இப்போது சுப்ஹுக்குப் பின் கொல்லைப் பக்கம் போனால் அந்தச் சத்தம் கேட்கிறது. காக்கைகள் எழுந்து பறக்கின்றன. மயில்கள் மட்டும் இன்னும் சரியாகப் பயப்படவில்லை என்று பையன் குறைபடுகிறான்.