டிவி போட்டாத்தான் சாப்பிடுவாளா?

போன வாரம் எங்கள் தெருவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. 9 மணிக்குப் போகவேண்டிய கரன்ட் எட்டரைக்கே போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் கதவைத் தட்டினார் மாடி வீட்டுப் பாட்டி. இடுப்பில் மூன்று வயதுப் பேத்தி, கையில் இட்லித் தட்டு. "உங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்குல்லம்மா? கொஞ்சம் டிவியப் போடு. பாப்பா இன்னும் சாப்பிடல."

கரன்ட் போனால் மிக்ஸி ஓடாது, மோட்டார் ஓடாது என்பது தெரியும். குழந்தை சாப்பிடாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

போட்டேன். யூடியூபில் ஏதோ ஒரு நீல யானை பஸ் ஓட்டிக்கொண்டே பாடியது. குழந்தையின் கண் அதில் குத்திட்டு நின்றது. வாய் தானாகத் திறந்தது. தபால் பெட்டியில் கடிதம் போடுவதுபோலப் பாட்டி சர்க்கரை தொட்ட இட்லியை உள்ளே போட்டுக்கொண்டே இருந்தார். நாலாவது வாயோடு மெல்லுவது நின்றுவிட்டது. இட்லி கன்னத்தில் அதக்கியபடி கிடக்கிறது. பஸ்ஸிலிருந்து யானை இறங்கிக் குரங்கு ஏறுகிறது. "முழுங்குடி கண்ணு, முழுங்கு" என்று தாடையைத் தட்டி ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றினார். நடுவில் விளம்பரம் வந்தது. குழந்தை திரும்பி அப்போதுதான் முதன்முதலாகத் தட்டைப் பார்த்தது. "வேணாம்" என்றது. "ஸ்கிப் பண்ணும்மா, சீக்கிரம் ஸ்கிப் பண்ணு!" என்று பாட்டி போட்ட சத்தத்தில் ரிமோட் என் கையிலிருந்து நழுவிவிட்டது.

அரைமணி நேரத்தில் ஒன்றரை இட்லி. போகும்போது பாட்டி பெருமையாகச் சொன்னார்: "பாத்தியா, டிவி போட்டாத்தான் சாப்பிடுவா. இல்லன்னா ஒரு வாய் இறங்காது."

இதே வாக்கியத்தை நான் கேட்காத வீடு இல்லை. கல்யாண வீட்டில், ரயிலில், பூங்காவில், எல்லா இடத்திலும் யாராவது ஒரு அம்மா செல்போனை டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏதோ பிறவிக் குணத்தைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தப் பாட்டுக்கு எத்தனை வாய் இறங்கும் என்ற கணக்கும் வைத்திருக்கிறார்கள்.

சரி, இவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தினமும் காலையில் லட்சக்கணக்கான குழந்தைகள் சாப்பிடுகிறார்களே, அவர்களுக்கு யார் டிவி போடுகிறார்கள்?

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது 1,545 பள்ளிகளில் 1.14 லட்சம் குழந்தைகள். 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கினார்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்காருகிறார்கள். உப்புமா வருகிறது, கிச்சடி வருகிறது, பொங்கல் வருகிறது, கூடவே சாம்பார். எதிரே சுவர், சுவரில் அதிகம் போனால் ஒரு திருக்குறள். யானை இல்லை, பஸ் இல்லை, ஸ்கிப் பண்ண ஆளும் இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். உப்புமாவைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிற பிள்ளைகள் அங்கேயும் உண்டு. 2025-ல் திங்கட்கிழமை உப்புமாவுக்குப் பதில் பொங்கல் சாம்பார் தருவோம் என்று அரசு அறிவித்தது. பண்டத்தை மாற்றினார்கள். பள்ளிக்கு ஒரு 43 இன்ச் டிவி வாங்கிக்கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

இதைச் சொன்னால் உடனே, "அதெல்லாம் பெரிய புள்ளைங்க, எங்க பாப்பாவுக்கு மூணு வயசுதான்" என்பார்கள். இருக்கட்டும். தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து சாதமும் முட்டையும் சாப்பிடுகிற குழந்தைக்கு வயது இரண்டிலிருந்து ஐந்து. ஒரு ஆயா, ஒரு டீச்சர், ஒரு கூடம் குழந்தைகள். ஆளுக்கொரு செல்போன் சாய்த்து வைக்க அங்கே டம்ளரும் போதாது.

அடுத்து வருகிற பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள்: "அந்தப் புள்ளைங்களுக்குப் பசிக்கும்ல, அதான் சாப்பிடுது." அம்மா தாயே, அதைத்தானே நானும் சொல்கிறேன்! பசித்தால் சாப்பிடும். உங்கள் வீட்டுக் குழந்தைக்குப் பசிக்க விடுகிறீர்களா? பசி ஏழை வீட்டுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா?

அந்த மாடி வீட்டுக் காலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறரைக்கு எழுப்பியதும் ஒரு டம்ளர் பால். வெறும் பால் இல்லை. உயரமாக வளர இரண்டு ஸ்பூன் மாவு, அதற்கு மேல் ஒரு ஸ்பூன் சர்க்கரை. ஏழரைக்கு 'வெறும் வயிறா இருக்கே' என்று இரண்டு பிஸ்கட். எட்டரைக்கு இட்லி. மூன்று வயதுக் குழந்தையின் வயிறு எவ்வளவு பெரியது என்று இவர்கள் நினைக்கிறார்கள்? இந்த மாவு விஷயத்தைத் தனியாகவே எழுதவேண்டும். 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் இவற்றை விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. வந்தாலும், டப்பாவோடு கிடைக்கிற இலவச பொம்மைக்காகவாவது வாங்குவோம்.

இன்னொன்று. நம் அம்மாக்களும் பாட்டிகளும் பயப்படத் தொடங்குவது எப்போது என்று கவனித்தால் விஷயம் விளங்கும். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய ஒன்பது கிலோ இருக்கும். ஒரு வருடத்தில் ஆறு கிலோ! அடுத்த வருடம் முழுவதும் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு கிலோ. வளரும் வேகம் குறையும்போது பசியும் குறையும், அது இயற்கை. குழந்தை நன்றாக ஓடுகிறது, குதிக்கிறது, அண்ணன் தலையைப் பிடித்து ஆட்டுகிறது. ஆனால் நமக்குக் கண்ணில் படுவது மீந்துபோன அரை இட்லி. 'போன வருஷம் எப்படிச் சாப்பிட்டா தெரியுமா!' என்று ஆரம்பித்து, இல்லாத நோய்க்கு டிவியை மருந்தாகக் கொடுக்கிறோம். அந்த மருந்தைக் கொடுத்த பிறகுதான் நிஜமான நோய் வருகிறது. வயிறு நிறைந்தது தெரியாமல் சில குழந்தைகள் அளவுக்கு மீறி விழுங்குகின்றன. சில, கன்னத்தில் அதக்கி அதக்கியே பல்லைச் சொத்தையாக்கிக்கொள்கின்றன. எது புளிப்பு, எது உவர்ப்பு என்று நாக்கு அறியவே இல்லை. மல்லிச் சட்னியும் தேங்காய்ச் சட்னியும் அந்தக் குழந்தைக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் பெயர் யானை.

கிளாரா டேவிஸ் என்று அமெரிக்காவில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். 1926-ல் தொடங்கிச் சில ஆண்டுகள், பால்குடி மறந்த 15 குழந்தைகளுக்கு முன்னால் எளிமையான, கலப்பில்லாத உணவுகளைக் கிண்ணம் கிண்ணமாக வைத்துவிட்டு, எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டார். நர்ஸுகள் கையில் ஸ்பூனோடு பக்கத்தில் உட்காரலாம். குழந்தை கை நீட்டிக் காட்டும்வரை ஸ்பூனை நீட்டக்கூடாது, 'இது நல்லது' என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. நம் பாட்டிகளுக்கு அந்த வேலை கிடைத்திருந்தால் முதல்நாள் மத்தியானமே ராஜினாமா செய்திருப்பார்கள். குழந்தைகள் என்னவோ நன்றாகத்தான் வளர்ந்தன. அப்போது டிவி எந்த வீட்டிலும் கிடையாது.

'நீங்க மட்டும் நிலாவைக் காட்டி ஊட்டலையா?' என்று ஒரு மாமா என்னை மடக்கினார். மடக்கிவிட்ட திருப்தியில் சிரிப்பு வேறு. நிலாவைக் காட்டினவர்கள் குழந்தையோடு பேசினார்கள், ஐயா. குழந்தை கையை நீட்டியது, கேள்வி கேட்டது, 'அந்த நிலாவுக்கு யாரு சோறு ஊட்டுவா?' என்றது, பாட்டி ஒரு பதிலை இட்டுக்கட்டினாள். நிலா எட்டு நொடிக்கு ஒரு தடவை நிறம் மாறவில்லை. அது முடிந்தவுடன் அடுத்த நிலா தானாக ஓடத் தொடங்கவும் இல்லை. ஊட்டிவிட்ட அம்மாவின் இன்னொரு கையில் செல்போனும் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் டிவி ஓயுமா என்றால் அதுவும் இல்லை. பள்ளிக்குப் போகிற குழந்தை என்றால் யூனிஃபார்ம் போடவும் டிவி, தலை பின்னவும் டிவி. 'டிவி போட்டா அசையாம நிப்பா' என்கிறார்கள். நிற்கிறாள், உண்மை. அம்மா குனிந்து சாக்ஸ் மாட்டுகிறாள், பாட்டி சட்டைப் பொத்தான் போடுகிறாள், ராணிக்கு ஒப்பனை நடக்கிறது. தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டதும் டிவியை அணைக்கிறார்கள். அப்போது எழுகிற அலறல் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். மிச்சம் பிடித்த பத்து நிமிடமும் அந்த அலறலிலேயே போய்விடும். 2011-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வேகமாக ஓடும் கார்ட்டூனை ஒன்பதே நிமிடம் பார்த்த பிள்ளைகள், அந்த நேரத்தில் படம் வரைந்த பிள்ளைகளைவிடக் கவனத்திலும் பொறுமையிலும் பின்தங்கினார்கள். ஒன்பது நிமிடத்துக்கே அந்தக் கதி. நாமோ முக்கால் மணி நேரம் காட்டி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் 'மிஸ், இவ ஒரு இடத்துல உக்காரவே மாட்டேங்கறா' என்று குறைப்படுகிறோம்.

வேன் 7.45-க்கு வருவதும் ஒரு அக்கிரமம்தான். எல்.கே.ஜி. குழந்தைக்கு எட்டரைக்குப் பள்ளி எதற்கு? கலெக்டர் ஆபீஸா அது? அப்படி எழ வேண்டிய குழந்தை ராத்திரி பத்தரை வரை பாட்டி மடியில் உட்கார்ந்து சீரியலில் மருமகள் அறை வாங்குவதைப் பார்க்கிறது. தூக்கம் கலையாத குழந்தைக்கு விடிந்ததும் எப்படிப் பசிக்கும்? இத்தனை களேபரத்துக்கும் நடுவில் சோபாவில் ஒருவர் காலை மடக்கி உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அவர் குழந்தையின் அப்பா. அவருக்கும் இட்லி அங்கேயே வருகிறது. அவரும் தட்டைப் பார்க்காமல்தான் சாப்பிடுகிறார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த அப்பா குழந்தையைத் தரையில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தன் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடச் சொல்லட்டும். அரசுப் பள்ளி வராந்தாவில் நடப்பது அதுதான். பக்கத்துப் பிள்ளை சாப்பிடுகிறது, தானும் சாப்பிடுகிறது. வீட்டில் குழந்தைக்கு ஊட்டுபவர் இருக்கிறார், மிரட்டுபவர் இருக்கிறார், ஸ்கிப் பண்ணுபவர் இருக்கிறார். கூட உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆள் இல்லை.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே ஏறக்குறைய இதைச் சொல்லிவிட்டது. இதையே எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை மருத்துவரும் அழகாகச் சொல்வார். அவர் கிளினிக்கின் காத்திருக்கும் அறையில், சுவர் உயரத்துக்கு ஒரு டிவியில் காலை முதல் இரவு வரை கார்ட்டூன் ஓடுகிறது. இருமிக்கொண்டே பத்துக் குழந்தைகள் அண்ணாந்து பார்க்கின்றன. உள்ளே போனால் 'டிவி காட்டாதீங்க' என்று ஆலோசனை. அதற்குத் தனிக் கட்டணம்.

கடைசியாக ஒரு வாதம் உண்டு. 'கலர் பேரெல்லாம் இங்கிலீஷ்ல சொல்றாம்மா.' சொல்லட்டும். ரெட் என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்குத் தன் தட்டில் இருப்பது தக்காளிச் சட்னி என்று தெரியவில்லையே, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

குழந்தையின் எடை மாதக்கணக்கில் ஏறவில்லை என்றால், ஓடியாடாமல் சோர்ந்து கிடந்தால், டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி செய்யவேண்டியது அதிகம் இல்லை. காலைப் பாலைப் பாதியாகக் குறையுங்கள். மாவு டப்பாவைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். ராத்திரி சீரியலைக் குழந்தை தூங்கிய பிறகு பாருங்கள். காலையில் தரையில் பாயை விரித்து, தட்டில் இரண்டு இட்லி வைத்து, நீங்களும் ஒரு தட்டோடு பக்கத்தில் உட்காருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அழுகை இருக்கும். தட்டு அப்படியே திரும்பும். பத்தரை மணிக்குப் பசிக்கிறது என்று வந்து நிற்கும். அப்போது அதே இட்லியைக் கொடுங்கள். பிஸ்கட் கொடுக்காதீர்கள்.