ஏமாந்தவங்களைப் பார்த்து சிரிக்காதீங்க

தெருவுல வந்து ஏமாத்திட்டுப் போறவனைப் பத்தி ஊர்ல ரெண்டு நாள் பேசறாங்க. ஏமாந்தவங்களைப் பத்தி ரெண்டு வருஷம் பேசறாங்க. இது எனக்குச் சரியாப் படலைங்க.

நகைக்குப் பாலிஷ் போடறோம்னு வர்றவங்களையே எடுத்துக்கங்க. வீட்டு ஆம்பளைங்க காட்டுக்குப் போன நேரமாப் பார்த்து ரெண்டு பேர் வருவாங்க. முதல்ல பாத்திரம் விளக்கற பவுடர்னு சொல்லி ஒரு பித்தளைச் சொம்பைத் தேய்ச்சுக் காட்டுவாங்க. நிஜமாவே பளபளக்கும். அடுத்து வெள்ளிக் கொலுசு. அதுவும் பளபளக்கும். அப்பறம்தான் தாலிக்கொடியைக் கேட்பாங்க. அதை முக்கற தண்ணி ராஜதிராவகம். தங்கத்தையே கரைக்கும். எடுத்து மஞ்சப்பொடி போட்டு மூடி, அரை மணி நேரம் கழிச்சுத் திறங்கன்னு சொல்லிட்டு, தங்கம் கரைஞ்ச தண்ணியோட வண்டி ஏறிடுவாங்க. நகை அப்படியேதான் தெரியும். எடை போட்டாத்தான் குறைஞ்சது தெரியும்.

எங்க பக்கத்துல ஒரு அக்காவுக்கு இப்படி முக்கால் பவுன் போச்சு. வீட்டுக்காரர்கிட்டச் சொல்ல மூணு மாசம் ஆச்சு. அதுக்குள்ள அதே ஆளுங்க எத்தனை ஊர் பார்த்தாங்களோ. அந்த அக்கா பயந்தது திருடனுக்கு இல்லைங்க, நம்ம வாய்க்குத்தான். நாம சிரிக்கறதுதான் அவனுக்கு முதலீடு.

"படிக்காத பொம்பளை, அதான் ஏமாந்தாங்க"ன்னு சொல்றவங்க ஈமு கோழியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பெருந்துறை சுசி ஈமு விளம்பரம் யாருக்கும் மறந்திருக்காது. ஒன்றரை லட்சம் கட்டினா ஆறு குஞ்சு, மாசம் 6,000 ரூபாய். அதாவது வருஷத்துக்கு 72,000. போட்ட காசுல பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. எந்த வெள்ளாமைங்க இப்படிக் கொடுக்குது? ஆனா வாத்தியார் கட்டினாரு, ரிட்டயர் ஆன ஆபீசர் கட்டினாரு, கணக்கு தெரிஞ்ச வியாபாரியும் கட்டினாரு. 2012 ஆகஸ்டுல எல்லாம் சரிஞ்சது. கடைசியில அந்தப் பறவைகளுக்கு அரசாங்கம் தீவனம் போட வேண்டியதாப் போச்சு.

அதுல ஒரு நல்லதும் நடந்துச்சு. ஏமாந்தவங்க கூட்டமாப் போய்ப் புகார் கொடுத்தாங்க. முதலீட்டாளர் பாதுகாப்புக்குன்னு தமிழ்நாட்டுல 1997லயே ஒரு சட்டம் இருக்கு. அதுல வழக்கு நடந்து கோவை சிறப்பு நீதிமன்றம் தண்டனையும் கொடுத்தது. எல்லாரும் வெட்கப்பட்டு வீட்டுக்குள்ள உட்கார்ந்திருந்தா இது நடந்திருக்குமா?

போன காசை மறந்துடுங்கன்னு சொல்றது சுலபம். வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசு அவ்வளவு சீக்கிரம் மறக்காது. ஆனா மழை பொய்ச்சு மரவள்ளி போனா நம்மளை நாமே திட்டிக்கறோமா? அடுத்த நடவுக்குக் கரணை தேடறோம். இதையும் அப்படித்தான் எடுத்துக்கணும். எங்க பக்கம் ஈமுவுக்குப் போட்ட கம்பிவேலிக்குள்ள அப்பறம் வெள்ளாடு கட்டினவங்க இருக்காங்க. விட்டதைப் பிடிக்கறேன்னு அடுத்த சீட்டுல காசு போட்டவங்கதான் எழுந்திருக்கவே இல்லை.

அதனால நான் சொல்றது இதுதான். நடந்ததை அன்னைக்கே வீட்ல சொல்லுங்க. ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க. முன்னே 420ன்னு சொன்ன மோசடிக் குற்றம் 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்துல 318. நம்பர்தான் மாறிச்சு, குற்றம் அதேதான். வந்தவனோட வண்டி நம்பர், அடையாளத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவுல போடுங்க. பக்கத்து ஊர் தப்பிக்கும்.

யாராவது வந்து "நான் ஏமாந்துட்டேன்"னு சொன்னா, "எப்படிப் போய் நம்பினீங்க?"ன்னு கேட்காதீங்க. "ஆள் எந்தப் பக்கம் போனான்?"னு கேளுங்க.